கண்புரை ஆபரேஷனுக்கு எந்த மருத்துவமனை? விளம்பரத்தை விட்டுவிட்டுக் கணக்கைக் கேளுங்கள்

"அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்று இடத்தில் காட்டிவிட்டோம். மூன்று இடத்திலும் 'சின்ன ஆபரேஷன்தான், கால் மணி நேரம், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்' என்கிறார்கள். எங்கே செய்வது?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் மருத்துவன் இல்லை. வீட்டில் மூன்று பேருக்காக, மொத்தம் ஐந்து கண்களுக்காக, ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அவ்வளவுதான்.

அந்த மூன்று இடமும் பொய் சொல்லவில்லை. கண்புரை அறுவை உண்மையிலேயே நன்றாகத் தேறிவிட்ட சிகிச்சை. வேறு கண் நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு எங்கே செய்தாலும் பார்வை திரும்பிவிடும். தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருப்பதும் அதனால்தான். எல்லா இடத்திலும் பெரும்பாலோருக்கு நன்றாக வருகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு அங்கே பிரமாதமாகச் செய்தார்கள்" என்று சொல்வதை வைத்து எந்த இடம் மேல் என்று எப்படிப் பிரிப்பது? வித்தியாசம் தெரிவது மிச்சமுள்ள சிலரிடம்: அறுவையின்போது கண் லென்ஸின் உறை கிழிந்தவர், தொற்று வந்தவர், பவர் தவறிய லென்ஸோடு வீடு திரும்பியவர். அந்தச் சிலரின் கணக்கை இந்த மருத்துவமனை எழுதி வைத்திருக்கிறதா, அப்படி ஆகிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யும், இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு எடுத்த மாதிரிதான்.

## முதலில், எதை வைத்து அளப்பது

### எத்தனை பேருக்கு எவ்வளவு தெரிகிறது

6/6, 6/18 என்று எழுதுகிறார்களே, அது இதுதான்: சாதாரணக் கண் 18 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டர் வரை கிட்டே வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால் உங்கள் பார்வை 6/18. உலக சுகாதார நிறுவனம் 1998-இல் ஒரு அளவுகோல் வைத்தது. அறுவைக்குப் பிறகு 6/18 அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தால் நல்ல பலன், 6/60-க்கும் கீழே போனால் மோசமான பலன். நோயாளி அன்றாடம் எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே (கண்ணாடி இருந்தால் கண்ணாடியோடு) சோதித்தால் நூற்றுக்கு 80 பேராவது நல்ல பலனில் இருக்க வேண்டும், மோசமான பலன் 5 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2021-இல் உலக சுகாதார சபை 2030-க்கான இலக்கை வகுத்தபோது "பலன் தந்த அறுவை" என்பதற்கான கோட்டை 6/12-க்கு உயர்த்திவிட்டார்கள். அதனால் இன்றைக்கு ஒரு மருத்துவமனை 6/18-ஐக் காட்டிப் பெருமைப்பட்டால், பழைய கோட்டில் நிற்கிறது என்று அர்த்தம்.

"எங்களிடம் 98 சதவீத வெற்றி" என்று யாராவது சொன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். அந்தப் பார்வை கண்ணாடி போட்டா, போடாமலா? எத்தனையாவது நாளில் பார்த்தது? கூடவே, சோதனைக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிய வேண்டும். பார்வை நன்றாக வந்தவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கெட்டுப்போனவர் கோபத்தில் வேறு டாக்டரிடம் போய்விடுவார். திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே முடியாது. இதைப் பற்றி 2013-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 40 மருத்துவமனைகளைப் பார்த்ததில், அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எடுத்த பார்வை அளவை வைத்தே மருத்துவமனைகளை ஒப்பிடலாம், அது 40 நாள் கழித்துக் கிடைக்கும் பலனோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று தெரிந்தது. ஆகவே "யாரும் ஃபாலோ-அப் வருவதில்லை சார், அதனால் கணக்கு இல்லை" என்ற சாக்கு செல்லாது.

### உறை கிழிந்த கணக்கு

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, உள்ளே மங்கிப்போனதை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார்கள். பின்பக்கச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். அது கிழிந்தால் பின்னால் இருக்கும் கூழ் முன்னால் வரும், புரையின் துண்டு விழித்திரைப் பக்கம் விழலாம், லென்ஸை வேறு இடத்தில் வைக்க வேண்டிவரலாம். கிழிந்தாலே பார்வை போய்விட்டது என்று இல்லை. அங்கேயே ஒழுங்காகச் சுத்தம் செய்து சமாளித்தால் பலருக்கு நல்ல பார்வை வந்துவிடும். ஆனாலும் ஒரு அறுவை அரங்கின் கைத்திறனைக் காட்ட இதைவிட நேர்மையான எண் கிடையாது.

பிரிட்டனில் 55,567 அறுவைகளின் தணிக்கை 2009-இல் வெளியானது. அதில் இது 1.92 சதவீதம், கிட்டத்தட்ட ஐம்பதில் ஒன்று. "எங்களுக்கு அப்படி ஆனதே இல்லை" என்று ஒரு டாக்டர் சொன்னால், ஒன்று அவர் மிகக் குறைவாகச் செய்கிறார், அல்லது எண்ணுவதில்லை. எனக்கு இரண்டுமே பிடிக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே தணிக்கை யாருக்கெல்லாம் கிழியும் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது: 90 வயது தாண்டியவர், முற்றி வெளுத்த அல்லது பழுப்பேறிய புரை, கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) சரியாக விரியாதவர், கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருப்பவர், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர், மல்லாந்து படுக்க முடியாதவர், சில புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர். இப்படிப்பட்ட கண்களையெல்லாம் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு லேசான புரையை மட்டும் செய்யும் இடத்தின் எண் அழகாகத்தான் இருக்கும். எண்ணைக் கேட்கும்போது "கஷ்டமான கேஸையும் நீங்களே செய்கிறீர்களா?" என்று சேர்த்துக் கேட்காவிட்டால் ஒப்பீடே தப்பு.

(புராஸ்டேட் மாத்திரை என்றேனே, டாம்சுலோசின் எடுப்பவர் அதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சரி. பாப்பாவைச் சுற்றியுள்ள திரை (ஐரிஸ்) தொளதொளத்துப் போய்விடும். முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்பார்கள்.)

### தொற்று

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் மருத்துவமனைகளை ஒப்பிட இந்த எண் அவ்வளவாக உதவாது. கண்ணுக்குள் சீழ்த் தொற்று வருவது பத்தாயிரத்தில் சிலருக்கு. வருடத்துக்கு ஐந்நூறு அறுவை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் வரவில்லை என்றால் அது திறமையா, யோகமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எண்ணை விட்டுவிட்டு முறையைக் கேளுங்கள். அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விடுகிறார்களா, முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துகிறார்களா, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிருமி நீக்கிய கருவி செட் உண்டா. ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், 2007-இல் முடிவு வந்தது, அறுவை முடிவில் கண்ணுக்குள் செஃபுராக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் செலுத்தாதவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் வந்தது. இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

### பவர் சரியாக வந்ததா

இதுதான் பலரும் கேட்க மறப்பது. என் அத்தைக்குச் செய்த இடம் சுத்தமான இடம், கிழிசல் இல்லை, தொற்று இல்லை, டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் சுமுகம் என்று எழுதியிருந்தது. நாலாவது வாரம் எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வரிக்குக் கீழே அத்தையால் இறங்க முடியவில்லை, 6/24. சோதித்த பெண் கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார், சல்லடை மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள தட்டு. அத்தை தயங்கித் தயங்கி ஆறாவது வரி வரை படித்துவிட்டார். ஓட்டை வழியாகத் தெரிகிறது, வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கண்ணில் கோளாறு இல்லை, பவர்தான் தப்பு. மைனஸ் ஒன்றரை.

"பேப்பர் நன்றாகத் தெரிகிறதுடா, தூரத்தில் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது, விடு" என்றார் அத்தை. எனக்கு விட மனசில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: கண்ணின் நீளத்தை அளந்துதான் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். கண்ணைத் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் கை கொஞ்சம் அழுந்தினால் கண் குட்டையாக அளவாகும், கணக்கு அதிக பவர் காட்டும், முடிவில் மைனஸ் வரும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பவர் இரண்டரைக்கு மேல் தப்பும். ஒளியால் அளக்கும் கருவியில் கண்ணைத் தொடுவதே இல்லை. ஆனால் புரை மிகவும் முற்றிப்போனால் ஒளி உள்ளே போகாது, அப்போது தண்ணீர் வைத்து அழுத்தாமல் ஸ்கேன் செய்ய வேண்டும்.

இதற்கும் எண் உண்டு. பிரிட்டனில் 2009-இல் முன்வைத்த அளவுகோல்: குறி வைத்த பவரிலிருந்து அரை டயாப்டருக்குள் (டயாப்டர் என்பது பவரின் அலகு) 55 சதவீதம் பேர், ஒரு டயாப்டருக்குள் 85 சதவீதம் பேர். நல்ல கருவியும் புதிய சூத்திரங்களும் இருக்கும் இடங்கள் இதைத் தாண்டிவிட்டன. 85-ஐக்கூடத் தொடாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வைத்தாலும் வீண்தான்.

### நோயாளியின் வாய்ச் சொல்

கடைசியாக, பலகையில் 6/9 படிப்பவரும் மாடிப்படி இறங்கத் தடுமாறலாம், இரவில் எதிர்வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். ஸ்வீடனில் 1992 முதல் தேசியக் கண்புரைப் பதிவேடு இருக்கிறது, அங்கே நோயாளியிடமே கேட்டு நிரப்பும் ஒன்பது கேள்விப் படிவமும் உண்டு: பத்திரிகை படிக்க, முகம் அடையாளம் காண, சமமில்லாத தரையில் நடக்க எவ்வளவு சிரமம் என்பது மாதிரி. இப்படி ஏதாவது படிவம் கொடுக்கும் மருத்துவமனையைப் பார்த்தால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

## ஐந்து வகை இடங்கள்

### பெரிய கண் சிறப்பு மருத்துவமனை

இவர்களின் பலம் எண்ணிக்கை. ஒரே வேலையை நாள் முழுதும் செய்யும் கை தவறுவது குறைவு. கனடாவின் ஒண்டாரியோவில் 2007-இல் வெளிவந்த ஆய்வும், வருடத்துக்கு அதிகம் செய்யும் டாக்டர்களிடம் சிக்கல் குறைவு என்றே சொன்னது. கூட்டமாகச் செய்தால் தொற்று வராதா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் கணக்கை 2017-இல் வெளியிட்டபோது, கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் செலுத்தியதில் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02-க்கு இறங்கியிருந்தது. அத்தனை பேருக்குக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. இன்னொரு வசதி, விழித்திரை டாக்டர் அதே கட்டடத்தில் இருப்பார். துண்டு பின்னால் விழுந்தால் ஆம்புலன்ஸ் தேட வேண்டாம்.

குறை என்ன? உங்களைப் பார்த்தவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மறுநாள் பார்ப்பவர் இன்னொருவர். முகம் தெரிந்த டாக்டர் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. லென்ஸ் பேக்கேஜை விற்க ஒரு கவுன்சிலர் இருப்பார், அவருடைய வேலை உங்களை ஒரு படி மேலே ஏற்றுவது. இன்னொன்றும் உண்டு: கிருமி நீக்கத்தில் ஒரு நாள் தவறு நடந்தால், கூட்டம் அதிகமுள்ள இடத்தில் அன்றைக்கு மாட்டிக்கொள்பவர்களும் அதிகம்.

கண்ணில் வேறு சிக்கலும் இருப்பவர், முற்றிய புரை, ஏற்கெனவே ஒரு கண் போனவர், இவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

### பல்துறை மருத்துவமனையின் கண் பிரிவு

கண்ணைத் தவிர மற்ற உடம்புக்கும் கவனம் தேவைப்படுகிறவர்களுக்கு இந்த இடம். இதயம் பலவீனமானவர், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குபவர், நடுக்கமோ மறதி நோயோ இருந்து முழு மயக்கம் கொடுத்தால்தான் அசையாமல் இருப்பார் என்ற நிலையில் உள்ளவர். மயக்க மருந்து டாக்டரும் ஐசியூவும் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம்.

ஆரோக்கியமாக நடந்து வரும் ஒருவருக்கு அந்தத் தைரியத்தின் விலை அதிகம். இங்கே மறைமுகச் செலவு டெஸ்டுகளில் வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது: எல்லோருக்கும் வழக்கமாக ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுப்பதால் பாதுகாப்பு கொஞ்சமும் கூடவில்லை. ஏற்கெனவே நோய் இருப்பவருக்கு வேண்டிய டெஸ்ட் வேறு, எல்லோருக்கும் ஒரு நீளப் பட்டியல் வேறு. அப்புறம், பெரிய கட்டடம் என்பதற்காக அங்கே கண்புரை நிறையச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.

### போதனா மருத்துவமனை

இங்கே எல்லோருக்கும் ஒரே பயம்: "படிக்கிற பையன் என் கண்ணில் கை வைப்பானா?" வைக்கலாம். பயிற்சி மருத்துவர் செய்யும்போது உறை கிழியும் வாய்ப்பு அதிகம் என்று மேலே சொன்ன பிரிட்டன் தணிக்கையும் சொல்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, எல்லா நிபுணரும் ஒரு நாள் முதல் கண்ணைச் செய்தவர்தான். கேட்க வேண்டியது, மூத்தவர் கூடவே உட்கார்ந்திருப்பாரா, எந்தக் கட்டத்தில் கையை வாங்கிக்கொள்வார் என்று.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. மற்ற இடங்களில் கைவிட்ட கேஸ்கள் வந்து சேர்வது இங்கேதான். அதனால் இவர்களின் சிக்கல் சதவீதம் பார்க்கக் கூடுதலாக இருக்கும், அதை வைத்து மட்டமான இடம் என்று முடிவு கட்டக் கூடாது. செலவு குறைவு, ஆனால் காத்திருப்பு நீளம், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போய்விடும், கூட வருபவர் லீவு போட வேண்டும். பார்வை மங்கிய வயதானவர் காத்திருக்கும் மாதங்களில் வழுக்கி விழுந்தால் அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது? அவசரம் இல்லாதவருக்கு, நேரம் இருப்பவருக்கு, சிக்கலான கண் உள்ளவருக்கு இது நல்ல தேர்வு. ஒற்றைக் கண் பார்வை உள்ளவர் மட்டும் மூத்தவர்தான் செய்ய வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை.

### தனி டாக்டரின் சின்ன கிளினிக்

அளப்பவரும் அவரே, வெட்டுபவரும் அவரே, ராத்திரி எட்டு மணிக்குக் கண் சிவந்தால் போனை எடுப்பவரும் அவரே. இந்தத் தொடர்ச்சிக்கு ஈடு இல்லை. தன் நோயாளிகளின் பவர் எப்படி வருகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துத் தன் கைக்கு ஏற்றபடி சூத்திரத்தைத் திருத்தி வைத்திருக்கும் டாக்டர்கள் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் வேறு எங்கும் போக வேண்டாம்.

கிடைக்காவிட்டால்? அறுவையை அவர் எங்கே செய்கிறார் என்று பாருங்கள். சிலர் வேறொரு இடத்தின் அரங்கை வாடகைக்கு எடுத்துச் செய்வார்கள், அப்போது கிருமி நீக்கம் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்காது. உறை கிழிந்தால் முன்னால் வரும் கூழை வெட்டி எடுக்கும் கருவி மேஜையில் இருக்கிறதா, துண்டு பின்னால் விழுந்தால் எந்த விழித்திரை டாக்டரிடம் அனுப்புவார், அவருக்கு யார் பணம் கட்டுவது, இந்த மூன்றும் கேட்டே ஆக வேண்டும். லேசான புரை, வேறு நோய் இல்லாத கண், பல வருடமாகப் பழகிய டாக்டர் என்றால் தாராளமாகப் போகலாம்.

### இலவச முகாம் வழியாக

முகாம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். முகாமில் கண்ணைச் சோதித்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அறுவையை நிரந்தர அரங்கு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ச் செய்தால் பயப்பட எதுவும் இல்லை. தற்காலிகக் கூடத்தில் மேஜை போட்டுச் செய்வதாக இருந்தால் வேண்டாம், அவ்வளவுதான்.

இங்கே பெரும்பாலும் செய்வது கையால் புரையை முழுசாக எடுக்கும் தையலில்லாச் சிறு கீறல் முறை. பாகோ என்பது அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை, கீறல் இன்னும் சின்னது. முன்னதை ஏழை வைத்தியம் என்று நினைக்கிறார்கள். நேபாளத்தில் 108 கண்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், கண்ணாடி இல்லாமலே 6/18-ஐத் தொட்டவர்கள் சிறு கீறல் முறையில் 89 சதவீதம், பாகோவில் 85. கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டிலும் 98. எல்லாமே முற்றிய புரைகள். கல்லாக இறுகிய புரைக்குத் தேர்ந்த கை செய்யும் சிறு கீறல் முறையே பாதுகாப்பு என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. கீறல் பெரிதாக இருப்பதால் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வருவது) கொஞ்சம் கூடுதலாக வரலாம், அது உண்மை.

பலவீனம் அறுவைக்குப் பிறகு தெரியும். சொட்டு மருந்து தீர்ந்தால் எங்கே வாங்குவது, நாலாவது வாரக் கண்ணாடியை யார் தருவார்கள், மூன்றாம் நாள் கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது. இதற்கு ஒரு தாளில் தேதியும் நம்பரும் எழுதிக் கொடுத்தால் நம்பிப் போகலாம்.

## ஒரே பார்வையில்

| இடம் | பலம் | கவனிக்க வேண்டியது | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பெரிய கண் மருத்துவமனை | எண்ணிக்கை, விழித்திரை டாக்டர் அங்கேயே | ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் | லென்ஸ் பேக்கேஜ் | சிக்கலான கண், முற்றிய புரை |
| பல்துறை மருத்துவமனை | மயக்க டாக்டர், ஐசியூ | கண்புரை எண்ணிக்கை குறைவாக இருக்கலாம் | தேவையில்லாத டெஸ்டுகள் | இதய, மூச்சு, நரம்புப் பிரச்சினை உள்ளவர் |
| போதனா மருத்துவமனை | எல்லா வகை நிபுணரும் | பயிற்சி மருத்துவர், மேற்பார்வை | அலைச்சல், காத்திருப்பு | அவசரமில்லாதவர், கஷ்டமான கேஸ் |
| தனி கிளினிக் | ஒரே டாக்டர் தொடக்கம் முதல் முடிவு வரை | சிக்கல் வந்தால் கைகொடுக்க ஆள் | வேறு இடம் மாற்றினால் இரட்டைச் செலவு | எளிய புரை, பழகிய டாக்டர் |
| முகாம் வழி | செலவில்லை, தேர்ந்த கை | பிந்தைய கவனிப்பு | பயணம், கண்ணாடி | முற்றிய புரை, கையில் பணமில்லாதவர் |

## லென்ஸும் லேசரும்

மருத்துவமனையை ஒப்பிட வந்தவர்களை லென்ஸ் ஒப்பீட்டில் இழுத்துவிடுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் குவிய லென்ஸ் தூரத்துக்குத் தெளிவு, படிக்கக் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸில் கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படாது, பதிலுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம், மங்கிய வெளிச்சத்தில் துலக்கம் குறைவு. இரவில் வண்டி ஓட்டுபவர், விழித்திரைக் கோளாறோ கிளாகோமாவோ உள்ளவர் இதற்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது. டோரிக் லென்ஸ் சிலிண்டர் பவரைத் தீர்க்கும், ஆனால் அச்சில் ஒரு டிகிரி திரும்பினால் பலனில் மூன்று சதவீதம் போகும், 30 டிகிரி திரும்பினால் ஒன்றுமே மிச்சமில்லை. அப்படித் திரும்பினால் மறுபடி சரி செய்ய யார் செலவு என்று கேட்டு வாங்குங்கள்.

லேசர் கண்புரை அறுவை என்று தனி விலை சொல்வார்கள். பிரான்சில் நடந்த பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது, சாதாரண பாகோவைவிட அதில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இதில் என் கருத்து கறாரானது: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சில மாதமோ வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உறை மங்கும். "புரை திரும்ப வந்துவிட்டது" என்று பயப்பட வேண்டாம், ஆபரேஷன் தப்பும் இல்லை. யாக் லேசரில் சில நிமிட வேலை. அது பேக்கேஜில் அடங்குமா என்று இப்போதே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

## கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள்

மேலே சொன்ன எண்களையெல்லாம் எந்த மருத்துவமனையும் சுவரில் எழுதி வைப்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். பதிலைவிட, பதில் வரும் விதத்தில் நிறையத் தெரியும்.

ஓர் இடத்தில் கவுன்சிலர், "சார், இந்த லென்ஸ் போட்டால் கண்ணாடியே வேண்டாம் சார்" என்று ஆரம்பித்தார். "சரி மேடம், போன வருஷம் எத்தனை பேருக்கு உறை கிழிந்தது?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. "அப்படியெல்லாம் இங்கே ஆகாது சார்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இன்னோர் இடத்தில் இதே கேள்வியை டாக்டரிடமே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிஸ்டரைக் கூப்பிட்டு அரங்குப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நீளமான நோட்டு, வரிக்கு ஒரு நோயாளி, பெயர் இருந்த பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். சிக்கல் வந்த வரிகள் மட்டும் சிவப்பு மையில். ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் எதிரே, நாலு வாரம் கழித்து எவ்வளவு தெரிந்தது என்று அதே சிவப்பில் எழுதியிருந்தது. "எண்ணிக்கை சொல்கிறேன், ஆனால் இந்தக் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்" என்றார். அங்கேதான் அத்தையின் இரண்டாவது கண்ணைச் செய்தோம்.

இரண்டாவது கண் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. முதல் கண் செய்த இடத்திலேயே அடுத்ததையும் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. மாற்றுவதானால் மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: அறுவைக்கு முன் எடுத்த கண் அளவு, லென்ஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர், நாலாவது வாரம் எழுதிய கண்ணாடிப் பவர். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். முதல் கண்ணில் பவர் எவ்வளவு தப்பியது என்று தெரிந்தால், அதில் பாதியளவை இரண்டாவது கண்ணின் கணக்கில் திருத்திக்கொள்ளலாம் என்று பிரிட்டனின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த டாக்டர் அத்தையின் பழைய தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணைத் தொடாத கருவியில் இரண்டு கண்ணையும் புதிதாக அளந்தார். பழைய அளவில் முதல் கண் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது.